யாத்திரைக்குரிய பருவம்
(திருக்குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



அண்ணாமலையார் திருக்கோயிலுக்கு வரும் முதியோர் பலருடைய வாயில் ஒரே பேச்சு பிறப்பதைக் கேட்கலாம். “முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், உத்தியோகத்தில் ஓய்வு வரட்டும் என்று இருந்துவிட்டேன். இன்று பொருள் இருக்கிறது, முழங்கால் இல்லை.” பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திரலிங்கம் தாண்டி அக்கினிலிங்கம் வருமுன்னே மூச்சு வாங்கி அமர்ந்துவிடுவோர் எத்தனை பேர்! அவர்களைப் பார்த்துக்கொண்டே இளைஞர் சிலர் மலையைச் சுற்றிவிட்டு, எதைக் கண்டோம் என்று அறியாமலே ஊர் திரும்புகின்றனர். காலிருக்கும்போது கருத்தில்லை, கருத்து வரும்போது காலில்லை. ஆகவே தலயாத்திரை இளமையில் செய்யத்தக்கதா, முதுமைக்கு நிறுத்தி வைக்கத்தக்கதா என்னும் வினா வீண் வினாவன்று.

முதுமைக்கு நிறுத்தி வைத்த முன்னோரைக் குறை கூறுதல் எளிது; அவர்கள் காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் சென்னையை விட்டுக் காசிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்து சேர்ந்தது 1831 செப்டம்பர் 3-ஆம் நாள். பல்லக்கும், கூடாரமும், ஏறக்குறைய நூறு பேர் கொண்ட பரிவாரமும் உடன் சென்றும் பதினைந்து மாதத்திற்கு மேலாயிற்று. செல்வரும் அதிகாரியுமாகிய அவர்க்கே அவ்வாறாயின், உழுது உண்பான் ஒருவன் மனைவி மக்களை விட்டுக் காசிக்குச் செல்வது எங்ஙனம்? போனவர் மீள்வது உறுதியில்லை. உயில் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டோரும் உண்டு. மக்கள் தலையெடுத்த பின்னரே செல்க என்று வழக்கம் அமைந்ததற்குக் காரணம் வழியின் கொடுமையே. இளைஞன் பக்திக்குத் தகுதியற்றவன் என்பது காரணம் அன்று. இருப்புப்பாதை வந்து அந்தக் கொடுமை நீங்கியது. காரணம் போன பிறகும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இருப்புப்பாதை வந்த அக்காலத்தில், இளமையிலேயே இவ்வூருக்குப் புறப்பட்ட ஒரு பிள்ளையின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் பிறந்து, மதுரையில் படித்துவந்த வேங்கடராமன் என்னும் அப்பிள்ளையே பின்னர் இரமண மகரிஷி என உலகம் போற்ற விளங்கியவர். உறவினராகிய முதியவர் ஒருவர் வந்தபோது, “எங்கிருந்து வருகின்றீர்?” என்று கேட்டான் சிறுவன். “அருணாசலத்திலிருந்து” என்றார் அவர். அப்பெயர் குறிப்பது இவ்வுலகில் உள்ள ஓர் ஊர் என்பதே அவனுக்கு அன்றுவரை தெரியாது. பின்னர்ப் பெரியபுராணம் கைக்குக் கிடைத்தது, படித்தான், நாயன்மார் வாழ்வு நெஞ்சில் தைத்தது.

1896 ஆகஸ்டு 29-ஆம் நாள் அவன் புறப்பட்டான். பள்ளிக்குப் போக வேண்டும் என்றான். “அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று என் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடு” என்று தமையன் சொன்னான். சிறுவன் பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்தான். அதில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பாதை குறிக்கப்படவில்லை. திண்டிவனமே அண்மையிலுள்ள நிலையம் என்று எண்ணி, மூன்று ரூபாய் போதும் எனக் கணக்கிட்டான். எஞ்சிய இரண்டு ரூபாயை, தன்னைத் தேட வேண்டா, தேடிப் பொருளைச் செலவிடவும் வேண்டா என்னும் கருத்தமைந்த கடிதத்தோடு வைத்துவிட்டு நடந்தான். அக்கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை.

திண்டிவனத்துக்குச் சீட்டு இரண்டு ரூபாய் பதின்மூன்றணா. கையில் மிஞ்சியது மூன்றணா. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர், திருவண்ணாமலைக்கே இரயில் போகின்றது, விழுப்புரத்தில் மாறுக என்று வழி சொன்னார். பிள்ளை படித்த நிலப்படம் சொல்லாததை வழிப்போக்கர் சொன்னார் என்க. பின்னிரவில் விழுப்புரத்தில் இறங்கினான். அங்கே உணவு விடுதிக்காரர் உணவளித்துக் காசு வாங்க மறுத்தார். இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரையே சீட்டுக் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து அறையணிநல்லூர் சேர்ந்தான்.

அறையணிநல்லூர் எத்தகைய தலம் என்பதைத் திருமுறை அறிந்தோர் அறிவர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அக்கோயிலை வலம் வருங்கால், உடன் வந்த அன்பர்கள் தொலைவிலுள்ள அண்ணாமலையைச் சுட்டிக் காட்ட, அங்கிருந்தவாறே தொழுது பாடினார் என்பது சேக்கிழார் வாக்கு. பெரியபுராணத்தைப் படித்துப் புறப்பட்ட பிள்ளை அவ்விடத்துக்கே வந்து சேர்ந்தது தற்செயலா, திருவருளா என்பதை அவரவர் அன்புக்கு விட்டுவிடலாம். அன்றிரவு பசியோடு கீழூர்க் கோயிலில் நின்றபோது அருச்சகர் சோறு இல்லை என்றார். மேளம் வாசிப்பவர், “என் பங்கை இவனுக்குக் கொடுங்கள்” என்றார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தார் வயிறார உணவிட்டனர். காதிலிருந்த கடுக்கனை அவரிடம் ஈடு வைத்து நான்கு ரூபாய் பெற்றான். மீட்பதற்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் போகும் வழியிலேயே கிழித்தெறிந்தான். செப்டம்பர் 1-ஆம் நாள் காலையில் அண்ணாமலையார் சந்நிதியில் நின்றான். வயது பதினாறு. அதன் பின் 1950 ஏப்ரல் 14-இல் உடல் நீங்கும் வரை இவ்வெல்லையை விட்டு அவர் அகலவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வுக்கு மூன்று நாள் யாத்திரை ஒன்றே போதியதாயிற்று.

இதைக் கேட்டு, “ஆகவே பிள்ளைகள் பெட்டியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு புறப்படுக” என்று எவரும் கொள்ளலாகாது. அன்னை அழகம்மையார் பட்ட துயரத்தை மறந்து இவ்வரலாற்றைப் பேசுதல் பாதி வரலாறு பேசுவதாகும். இரண்டாண்டுக்குப் பின் 1898-இல் அவர் மகனைத் தேடி வந்தார், பவழக்குன்றில் கண்டார், நாள்தோறும் சென்று வீட்டுக்கு வருமாறு அழுதார். மௌனமாயிருந்த மகன் காகிதத்தில் விடை எழுதிக் கொடுத்தார். அன்னை வெறுங்கையோடு மீண்டார். பின்னர் 1916-இல் தாமே இங்கு வந்து மகனுடன் மலைமேல் தங்கினார். 1922 மே 19-இல் இங்கேயே உடல் நீத்தார். ஒரே இல்லத்தில் மகன் இளமையில் வந்தார், தாய் முதுமையில் வந்தார். முதலில் வந்தவர் உயர்ந்தவர், பின் வந்தவர் தாழ்ந்தவர் என்று அளக்கும் கோல் அண்ணாமலையில் இல்லை.

இனி, இளமையில் யாத்திரை போக வேண்டா என்று வேண்டிக்கொண்டவர் ஒருவரும் உண்டு. குமரகுருபர சுவாமிகள் துறவு வேண்டித் தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரை அடைந்தபோது, காசி யாத்திரை செய்து வருக என்று குருநாதர் பணித்தார். காசி சென்று மீள நெடுங்காலம் ஆகுமே, அத்தனை காலம் குருவைப் பிரிந்திருப்பது எவ்வாறு என்று சுவாமிகள் கலங்கினார். அங்ஙனமாயின் சிதம்பரவாசம் செய்க என்று அருளினார் குரு. வழியில் புள்ளிருக்குவேளூரில் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் பிறந்தது. காசியோ அவரை விடவில்லை. பின்னாளில் அங்கே சென்று மடம் நிறுவித் தமிழ்ச் சைவத்துக்கு வடக்கே ஓர் இல்லம் அமைத்தார். அண்மைத் தலத்தை முன்னர்த் தந்து சேய்மைத் தலத்தைப் பின்னர் வைத்த அந்தக் குருவின் கணக்கு, பிள்ளைகளை வளர்ப்போர் நினைவில் வைக்கத்தக்கது. மதுரையையே கண்ணாரக் காணாத பிள்ளையைக் கேதாரத்துக்கு விமானத்தில் அழைத்துச் செல்வதால் கிடைப்பது பெரும்பாலும் புகைப்படமே.

நாவுக்கரசரை நினையாமல் இப்பேச்சு நிறைவுறாது. அவர் சைவத்துக்கு மீண்டது காலம் கடந்தே. சூலை நோய் வந்தே மீட்டது. மீண்ட பின் உழவாரப் படையைத் தாங்கி நடந்த நடைக்கு அளவில்லை. இவ்வண்ணாமலையையும் வந்து பாடினார். முதுமையில் கயிலை காணப் புறப்பட்டார். காசியில் உடன் வந்தோரை நிறுத்திவிட்டுத் தனியே சென்றார். கால் தேய்ந்தது, கையால் ஊன்றினார். கையும் தேய்ந்தது, மார்பால் உந்தினார், அதுவும் ஆற்றாமல் புரண்டார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போ என்றபோதும் திரும்பவில்லை. ஆயினும் அவர் கயிலைக் காட்சியைக் கண்டது இமயத்திலன்று. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, காவிரிக்கரையிலேயே கண்டார். முதியவர் உறுதிக்கு இறைவன் தந்த மதிப்பு அது. முதியவர் உடலுக்கு அவன் காட்டிய இரக்கமும் அதுவே. முழங்கால் தளர்ந்து இராஜகோபுர வாயிலிலேயே கைகூப்பித் திரும்பும் பாட்டியார் வருந்த வேண்டுவதில்லை.

நன்கொடையாளர்கள் செவியில் ஒரு சொல் போட்டு வைப்பது தக்கது. வேங்கடராமனின் மூன்று நாளைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். வழி சொன்ன மௌல்வி, காசு வாங்காத விடுதிக்காரர், தம் பங்குச் சோற்றை ஈந்த மேளக்காரர், உணவிட்ட இல்லத்தார்: இவர்களில் ஒருவர் கைவிட்டிருப்பினும் பிள்ளை என்ன பாடுபட்டிருப்பானோ! கோபுரத்துக்குப் பொன் பூசும் கைகள், பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை ஆண்டுக்கொரு முறை அறையணிநல்லூர், திருக்கோவலூர், அண்ணாமலை என்று அழைத்துச் சென்று, சோறிட்டு, ஒவ்வொரு தலத்திலும் அத்தலத்துப் பதிகத்தை ஓதுவித்தால் ஆகும் செலவு பெரிதன்று. அழைத்துச் செல்ல ஓய்வு பெற்ற முதியவர் இருவர் போதும். அவர்கட்கும் அது யாத்திரையாகும்.

சம்பந்தப் பிள்ளையார் தம் யாத்திரையைத் தொடங்கியது தந்தையார் சிவபாத இருதயரின் தோளின்மேல் அல்லவா? பின்னர்த் திருவரத்துறை செல்லும் வழியில் பிஞ்சுக் கால்கள் நோக, இறைவன் முத்துச் சிவிகை ஈந்தான். அச்சிவிகையில் அவர் திருப்பூந்துருத்தியை நெருங்கியபோது, எதிர்கொள்ள வந்த பெருங்கூட்டத்தில் நாவுக்கரசரைக் காணாமல், அவர் எங்கே என்று வினவினார். சிவிகையைச் சுமப்போருள் ஒருவராய்க் கீழிருந்து விடை கூறினார் அம்முதியவர். பிள்ளையார் பதைத்துக் கீழே குதித்தார்; வணங்க வந்தவரை நாவுக்கரசர் தாம் முந்தி வணங்கினார்; இருவரும் சேர்ந்தே கோயிலுக்குள் சென்றனர்.