சங்கு ஊதிய ஊரின் பாட்டு



இந்த நூலகக் கூடத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நூலகர் அம்மா என்னைக் கேட்டார். ராக் இசையைப் பற்றி என்றேன். "ஐயா, நீங்கள் 31 வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர் அல்லவா?" என்றார். அதனால்தானம்மா என்று சொன்னேன்.

உள்ளே வரும்போது வாசலில் நிற்கிற சைக்கிள்களைப் பார்த்தேன். ஹெர்குலிஸ் ஒன்று, பி.எஸ்.ஏ. இரண்டு. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்து கொண்டிருந்த கம்பெனி பிறகு சைக்கிளுக்கு வந்தது. ஹெர்குலிஸும் அந்தப் பர்மிங்காம் நகரத்தில் பிறந்ததுதான். அதன் தொழிற்சாலை இருந்த பேட்டைக்குப் பெயர் ஆஸ்டன். 1949-ல் நம் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதே பர்மிங்காம்காரர்களோடு கைகோத்துத்தான். பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. இன்றைக்கும் பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் என்றுதான் பெயர் சொல்லி இறங்குகிறோம். அந்த லூகாஸும் பர்மிங்காம். திருவொற்றியூர் என்ஃபீல்டுக்குத் தாய்வீடு ரெடிச். அதுவும் பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊர். நம் அப்பாமார்கள் எந்த ஊர் வரைபடத்தைப் பார்த்து இரும்பை வளைத்தார்களோ, அந்த ஊரில் பிறந்த ஒரு பாட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2025 ஜூலை 5-ஆம் தேதி, ஆஸ்டனில் இருக்கிற வில்லா பார்க் கால்பந்துத் திடலில் ஒரு கச்சேரி நடந்தது. 40,000 பேருக்கு மேல் கூட்டம். மத்தியானம் தொடங்கி ராத்திரி வரைக்கும் நடந்தது. பிளாக் சப்பாத் என்ற குழுவின் பழைய நால்வர், ஆஸி ஆஸ்பார்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு, 20 வருஷம் கழித்து ஒரே மேடையில் நின்றார்கள். நால்வரும் ஆஸ்டன் பிள்ளைகள், எல்லோருக்கும் வயது 75-ஐத் தாண்டியிருந்தது. கச்சேரிக்கு அவர்கள் வைத்த பெயருக்குத் தமிழில் 'தொடங்கிய இடத்துக்கே' என்று பொருள். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று உலகத்தையே கட்டி ஆண்ட குழுக்களெல்லாம் வரிசையில் நின்று, தங்கள் பாட்டோடு சப்பாத்தின் பாட்டையும் பாடிவிட்டுப் போனார்கள். குருவின் வீட்டு வாசலில் நின்று பாடுவது மாதிரி இருந்தது அது. வந்த வருமானம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கும், பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

கல்லூரியில் படிக்கிற என் பேரன் இதைப் போனில் காட்டினான். முதலில் எனக்குச் சத்தம்தான் கேட்டது. இடது காது எனக்குப் பாதிதான் கேட்கும்; பிரஸ் ஷாப் தந்த காது. "தாத்தா, இவங்க கதையைக் கேளுங்க" என்றான். கேட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

டோனி அயோமிக்கு 17 வயது. தகடு வேலை செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். கிட்டார் வாசிப்பதே பிழைப்பாக இருக்கட்டும் என்று வேலையை விடுகிறார். கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர், இனிமேல் போகவில்லை என்கிறார். தொடங்கிய வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைக்கிறார். அன்றைக்குப் பிரஸ்ஸில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. பழக்கமில்லாத மெஷினில் இந்தப் பையனை நிறுத்துகிறார்கள். பிரஸ் இறங்குகிறது. வலது கையில் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விடுகின்றன. அவர் இடதுகைக்காரர். கிட்டார் தந்தியை அழுத்துகிற கை அந்த வலது கைதான்.

இந்தக் கூடத்தில் பிரஸ்ஸில் நின்றவர்கள் குறைந்தது பத்துப் பேராவது இருக்கிறீர்கள். டை இறங்குகிற அந்த ஒரு கணத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

பையன் வீட்டில் மூலையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு இசைத்தட்டு. இதைக் கேள் என்றார். கேட்கிற மனநிலையில் இல்லை என்கிறார் பையன். கேள் என்று வற்புறுத்திப் போட வைத்தார். கேட்டு முடித்தபிறகு சொன்னார்: இதை வாசித்த ஆள் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல் வேலை செய்யாமல் போனபிறகு, மீதி விரல்களை வைத்து வாசித்தது இது.

அதற்குப் பிறகு அந்தப் பையன் செய்தது முழுக்க முழுக்கப் பட்டறைக்காரன் வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வருகிற பிளாஸ்டிக் புட்டியை உருக்கினார். உருண்டையாக்கி, விரல் நுனி அளவுக்குக் குடைந்து, தேய்த்து, உறை செய்தார். பழைய தோல் சட்டையை வெட்டி அதன் மேல் ஒட்டினார். தடித்த தந்தி வலித்தது. மெல்லிய தந்தி அந்தக் காலத்தில் கடையில் கிடைக்கவில்லை. பாஞ்சோ என்கிற வேறொரு வாத்தியத்தின் தந்தியை எடுத்துக் கட்டினார். பின்னாளில் தந்தியை இன்னும் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கினார். சுருதி இறங்க இறங்க நாதம் கனத்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் பெயர் வைத்திருக்கிற அந்த இசையின் கனம், காயம்பட்ட இரண்டு விரல்கள் வலி தாங்குவதற்குக் கண்டுபிடித்த வழியிலிருந்தும் வந்தது.

ஆஸியின் கதையும் நம் கதைதான். அப்பா ராத்திரி ஷிஃப்ட் பார்த்த டூல் மேக்கர். அம்மா லூகாஸில் வேலை. ஆறு பிள்ளைகள், சின்ன வீடு. படிப்பு ஏறவில்லை. 15 வயதில் பள்ளியை விட்டு, ஆடு மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தார். லூகாஸில் காருக்கு ஹாரன் சுருதி பார்க்கும் வேலையும் பார்த்தார். நாள் முழுக்க ஹாரன். அந்த அப்பா, மகனுக்காகக் கடன் வாங்கி ஒரு மைக்செட் வாங்கிக் கொடுத்தார். பிறகு இசைக்கருவிக் கடையில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது: பாட ஆள் இருக்கிறது, சொந்த மைக்செட்டும் உண்டு என்று. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தேடி வந்தார்கள். இசைத்தட்டு கொண்டு வந்த மேலாளர், கடன் வாங்கிய அப்பா, இந்த இருவர் பெயரையும் யாரும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வதில்லை. ஜூலை 5-ஆம் தேதி அந்தத் திடலில் அவர்களும் இருந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

1970 பிப்ரவரி 13-ல் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தது. கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவு செய்தது. அதன் முதல் பாட்டு மழைச் சத்தத்தோடும் தேவாலய மணியோடும் தொடங்கும். அப்புறம் கிட்டார். மூன்றே ஸ்வரம். சங்கீதம் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்தியமத்தில் வந்து நிற்கும். பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே. காது பஞ்சமத்தைத் தேடும், கிடைக்காது. அந்தத் தவிப்பிலேயே பாட்டு நகரும். விமர்சகர்கள் பலர் திட்டினார்கள். தொழிற்சாலைப் பிள்ளைகள் வாங்கினார்கள். போரில் குண்டு விழுந்த மனைகளில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு, சாயங்காலம் சங்கு ஊதியதும் கரி படிந்த முகத்தோடு வீடு திரும்புகிற அப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு, அது அவர்கள் தெருவின் சத்தமாகக் கேட்டது. பக்கத்து வால்சல் ஊர்க்காரர் ராப் ஹால்ஃபோர்டு, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர், உலோக ஆலைகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன நாட்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். அந்தக் குழு 1980-ல் போட்ட தட்டுக்குப் பெயரே 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. வில்லா பார்க் கச்சேரிக்கு அவர்களால் வர முடியவில்லை. அதே நாளில் ஜெர்மனியில் வேறொரு மேடைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். வராத குறைக்குச் சப்பாத்தின் பாட்டொன்றைப் பாடிப் பதிவு செய்து அனுப்பினார்கள். ஊர்ப்பாசம் என்றால் அதுதான்.

ஆஸி வளர்ந்த வீடு அந்தத் திடலிலிருந்து நடக்கிற தூரம். சின்ன வயதில் ஆட்டம் நடக்கிற நாட்களில், பார்க்க வருகிறவர்களின் காருக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லிக் காசு வாங்கியவர். அதே திடலுக்கு 76 வயதில் வந்தார். பார்க்கின்சன் நோய். நடக்க முடியவில்லை. மேடைக்கு அடியிலிருந்து ஒரு கருப்பு நாற்காலி மேலே எழும்பியது, அதில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷமாகப் படுத்துக் கிடந்தேன் என்று கூட்டத்திடம் சொன்னார். எழுந்திருக்கப் பார்த்தார், கால் இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தட்டிப் பாடினார். 'மாமா, ஐ'ம் கமிங் ஹோம்' என்ற பாட்டு வந்தபோது குரல் தழுதழுத்தது. மனைவியை நினைத்து அமைந்த பாட்டு அது. அன்றைக்கு அந்தத் திடலில் அது ஆஸ்டனைப் பார்த்துப் பாடுகிற பாட்டாகிவிட்டது. தாடி வைத்த முரட்டு ஆண்கள் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பேரனின் போனில் பார்த்தேன். நானும் அழுதேன்.

பிறகு நால்வரும் சேர்ந்து நான்கு பாட்டு. பில் வார்டு சட்டையைக் கழற்றிவிட்டு டிரம் அடித்தார்.

17 நாள் கழித்து, ஜூலை 22-ல் ஆஸி காலமானார். 30-ஆம் தேதி அவருடைய இறுதி ஊர்வலம் பர்மிங்காமின் பிராட் ஸ்ட்ரீட் வழியாகப் போனது. 2019-ல் குழுவின் பெயர் சூட்டப்பட்ட பாலத்தில் வண்டி நின்றது. உள்ளூர் பித்தளை வாத்தியக்காரர்கள் அவருடைய பாட்டையே வாசித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். மேளம் முழங்க வழியனுப்புவது நமக்குப் புதிதா?

இனி நம் பேட்டைக்கு வருகிறேன். இன்னும் ஒரு மாதத்தில் ஆயுத பூஜை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் ஆயுத பூஜை என்றால் மெஷினுக்கு மாலை, பொரி கடலை, பூசணிக்காய், சாயங்காலம் ஷெட்டிலேயே மெல்லிசைக் கச்சேரி. வாசித்தவர்கள் நம் ஆட்கள். டர்னர் பேங்கோஸ் வாசிப்பார். கேன்டீன்காரர் பாடுவார். ஒரு மாண்டலின் அண்ணன் இருந்தார். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். அவர் மாண்டலினைக் கையில் எடுத்தால் மூன்று ஷிஃப்ட் ஆட்களும் வீட்டுக்குப் போகாமல் நிற்பார்கள். ஒரு சிறிய பட்டறையில், பாதுகாப்புத் தட்டி இல்லாத பிரஸ்ஸில், அவருடைய இடது கை மோதிரவிரல் நுனி போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். நஷ்டஈட்டுக்கு அலைந்தோம். ஆனால் ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாண்டலின் ஆணியில் தொங்கிவிட்டது. 30 வருஷம் ஆகிறது. அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்றும் உண்டு.

அதனால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த ஆயுத பூஜை மாலை, இதே கூடத்தில், பழைய தொழிற்பேட்டை மெல்லிசைக்காரர்கள் எல்லோரும் மறுபடி சேர வேண்டும். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் இல்லை. இல்லாதவர்களின் பிள்ளைகள் வரட்டும். டிரம்ஸ் வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். அவன் போனில் அயோமியின் கையைப் பெரிதாக்கிக் காட்டினான், அந்த உறை போட்ட இரண்டு விரல்களை. அண்ணன் வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டார். நேற்று ராத்திரி போன் வந்தது. மவுன்ட் ரோடு பக்கம் போனால் மாண்டலின் தந்தி ஒரு செட் வாங்கிக்கொண்டு வாப்பா, இருப்பதிலேயே மெல்லிசாகப் பார்த்து வாங்கு என்றார்.