ஒரு கதிரின் சூடு

சந்தைக் கூச்சலில் சுவர்க்கோழியின் குரல் யார் காதில் விழும்? நள்ளிரவில் அதுவே வீடெங்கும் ஒலிக்கிறது. விண்ணின் எக்ஸ் கதிர்களை ஆராய்வோர் நாடுவதும் அத்தகைய அமைதியையே. கதிர்த் துகளொன்று சிறு தகட்டில் மோதினால் தகடு இம்மியளவு சூடேறுகிறது. அச்சூட்டை அளந்தால் துகளின் ஆற்றலை நாம் அறியலாம். ஆனால், அணுக்களின் ஓயாத துடிப்பில் அது மறைந்துபோம். எனவே, தகட்டைத் தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குவரை குளிர்விக்கின்றனர்.

இக்கருத்து 1984-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஜப்பானியருடன் சேர்ந்து அதை விண்ணுக்கு அனுப்பப் பட்ட பாடு கொஞ்சமன்று. 2000-இல் ராக்கெட்டே தவறியது. 2005-இல் 'சுஸாக்கு' துணைக்கோளின் திரவ ஹீலியம் ஒரு மாதத்துக்குள் ஆவியாகிப் போயிற்று. 2016 பிப்ரவரியில் ஏவிய 'ஹிடோமி' மார்ச்சிலேயே சிதைந்தது.

ஆயினும் ஹிடோமி அதற்குள் பெர்ஸியஸ் விண்மீன்மண்டலக் கொத்தை நோக்கிவிட்டது. அங்கே பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயுவை நடுவிலுள்ள கருந்துளை கலக்கிக்கொண்டிருக்கிறது. சூறாவளியைத்தானே நாம் எதிர்பார்ப்போம்? இரும்பணுக்களின் கதிர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைக்கொண்டு கணித்ததில், கொந்தளிப்பின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டரே. அண்டத்தின் அளவில் இது இளந்தென்றல்! வாயுவின் அழுத்தத்தைக்கொண்டு கொத்தின் எடையைக் கணிப்போர்க்கு இது பெரும் ஆறுதல்.

2023 செப்டம்பரில், 36 தகடுகளுடன் அவ்வகைக் கருவி 'கிரிஸம்' துணைக்கோளில் மீண்டும் சென்றது. காப்புக் கதவு திறக்க மறுத்தது, மென்கதிர்கள் தடைப்பட்டன. கதவிலுள்ள பெரிலியச் சாளரத்தின் வழியே புகுந்த வன்கதிர்களைக்கொண்டே கருவி தன் வேலையைத் தொடங்கியது.