பார்க்க ஒரு விளக்கு, பார்க்கப்பட ஒரு விளக்கு

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



திருவண்ணாமலைக்கு வந்து விளக்கைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். நான் எடுத்துக்கொண்டிருப்பது 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய் விளக்கு அடைந்த மாற்றங்களையும், அவற்றின் பலனாக ரயில்வேக்காரர் கைக்கு வந்து சேர்ந்த லாந்தரையும். மலையைத் தொடாமல் இதைப் பேசி முடிக்க முடியாது என்பதால் கடைசியில் மலைக்கும் வருவேன்.

அறக்கட்டளை என்ற ஏற்பாட்டுக்கும் விளக்குக்கும் நம் நாட்டில் பழைய உறவு. சோழர் காலத்தில் நந்தா விளக்கு ஒன்று எரிவதற்கு 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவது வழக்கம். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் அவற்றைச் சொல்லும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பது அதை ஏற்றுக்கொண்ட இடையரின் கடமை. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. விளக்குக் கொடைகளை அவற்றிலும் காணலாம். இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, விளக்கின் செலவு பித்தளையில் இல்லை, நெய்யில்தான் இருந்தது என்பது. ஒரு சிறு சுடரைத் தாங்க ஒரு மந்தையே வேண்டியிருந்தது. அதே எண்ணெயில் இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கிக் கொடுப்பவன் 96 ஆடுகளைச் சம்பாதித்துக் கொடுத்தவனுக்குச் சமம்.

அப்படி ஒருவன் வர ஏன் இவ்வளவு காலமானது? அகல் விளக்குக்கு இரண்டு குறைகள் உண்டு. நல்லெண்ணெய், இலுப்பை எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாமே கனத்தவை. திரியில் சிறிது தூரம்தான் ஏறும். அதனால்தான் அகல் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கிறது. ஆழமான பாத்திரத்தில் ஊற்றினால், எண்ணெய் மட்டம் இறங்க இறங்கச் சுடர் பட்டினி கிடந்து மங்கும். இது முதல் குறை. இரண்டாவது, காற்று. திரியைத் தடிமனாக்கினால் வெளிச்சம் கூடும் என்று நினைப்போம், கூடுவது புகைதான். சுடரின் நடுப்பகுதிக்குக் காற்று போய்ச் சேராமல் அங்கே கரி எரியாமல் மிஞ்சிவிடுகிறது. கருவறைச் சுவர்கள் கறுத்திருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் குறைக்கு நம் கன்னார்கள் அழகான விடை கண்டிருந்தார்கள். தூண்டாமணி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலியில் தொங்கும் விளக்கின் மேல் ஓர் அன்னமோ கிளியோ உட்கார்ந்திருக்கும். அதன் வயிறு எண்ணெய்க் கலம். கீழே தட்டில் எண்ணெய் மட்டம் இறங்கித் துளை திறந்ததும் கொஞ்சம் காற்று உள்ளே போகும், கொஞ்சம் எண்ணெய் வெளியே வரும். மட்டம் ஏறித் துளை மூடியதும் நின்றுவிடும். கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதும் இதே கணக்கு. மும்பையின் ஜோகேஸ்வரியில் கிடைத்த பழைய தூக்கு விளக்கில் பறவைக்குப் பதில் யானை. ஐரோப்பாவிலும் 16ஆம் நூற்றாண்டில் கார்டானோ என்ற அறிஞர் இதே தத்துவத்தை எழுதி வைத்தார். ஆக எண்ணெய்ப் பிரச்சினை ஓரளவு தீர்ந்திருந்தது. காற்றுப் பிரச்சினையைத்தான் யாரும் தொடவில்லை.

தொட்டவர் ஜெனீவாக்காரரான எய்மே அர்காண்ட். 1780இல் அவர் செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. திரியைக் குழாய் வடிவில் நெய்து, நடுவில் வெற்றிடம் விட்டார். சுடருக்கு வெளியிலிருந்தும் காற்று, உள்ளிருந்தும் காற்று. மேலே ஒரு கண்ணாடிச் சிம்னியைக் கவிழ்த்ததும் சூடான காற்று விரைந்து மேலேற, கீழிருந்து புதுக்காற்று இழுக்கப்பட்டது. ஆறு முதல் பத்து மெழுகுவத்திகளின் வெளிச்சம் ஒரே திரியில் கிடைத்தது, புகையும் அடங்கியது. 1784இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பர்மிங்காமில் போல்டன் என்பவரின் பட்டறை விளக்குகளைச் செய்தது. சில ஆண்டுகளிலேயே காப்புரிமை நீதிமன்றத்தில் ரத்தானது. பாரிஸிலோ அந்த விளக்குக்கு வேறொருவர் பெயரே நிலைத்தது. எண்ணெய்க் கலத்துக்கு அர்காண்ட் விளக்கு எதை நம்பியது தெரியுமா? நம் தூண்டாமணியின் தத்துவத்தையேதான். பக்கவாட்டில் உயரமாக நின்ற கலம் மேசையில் ஒரு பக்கம் நிழல் விழச் செய்தது. அந்த நிழலைப் போக்கக் கடிகார எந்திரம் வைத்தும், சுருள்வில் வைத்தும் எண்ணெயைக் கீழிருந்து ஏற்றிப் பார்த்தார்கள். 50 ஆண்டுக் கால மூளை அதில் போனது.

அத்தனை எந்திரங்களையும் ஒரே நாளில் வேண்டாததாக்கியது மண்ணெண்ணெய். கனடாவில் ஆபிரகாம் கெஸ்னர், ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங், 1853இல் லிவிவ் நகர மருத்துவமனைக்கு விளக்கு செய்து கொடுத்த வுகாசியெவிச் எனப் பலர் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதற்கு வந்து சேர்ந்தார்கள். 1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவரின் கிணறு எண்ணெய் கொடுத்த பிறகு விலை சரிந்தது. மண்ணெண்ணெய் மெல்லியது, திரியில் சாண் உயரம்கூட ஏறும். கலத்தைச் சுடருக்குக் கீழே வைத்துவிடலாம், பம்பும் பறவையும் தேவையில்லை. தட்டையான நாடாத்திரி, அதை ஏற்றி இறக்க ஒரு திருகு, மேலே வெட்டு விட்ட பித்தளைக் குமிழ், ஒரு சிம்னி. நம் வீடுகளில் மின்சாரம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்த சிம்னி விளக்கு இதுதான்.

ஆபத்தும் கூடவே வந்தது. பேராசைக்காரர்கள் சீக்கிரம் தீப்பிடிக்கும் லேசான நாப்தாவை மண்ணெண்ணெயில் கலந்து விற்றார்கள், விளக்குகள் வெடித்தன. எந்த வெப்பத்தில் எண்ணெயின் ஆவி பற்றுகிறது என்று அளக்கப் பிரெடெரிக் ஏபெல் ஒரு கருவி செய்தார். 1879இல் பிரிட்டிஷ் சட்டம் 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. லண்டனுக்கு அது சரி. சித்திரையில் நிழலிலேயே 100 டிகிரி அடிக்கும் நம்மூரில் எண்ணெயைக் கருவியில் ஊற்றும்போதே எல்லை தாண்டியிருக்கும். வெப்ப நாடுகளுக்கென்று சோதனை முறையைத் திருத்த வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

இனி லாந்தர். மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தால் அணைந்துவிடும். சுற்றிலும் கண்ணாடி அடைத்து, அடியில் துளையிட்டால் ஓரளவு தாங்கும். பலத்த காற்று அந்தத் துளை வழியே புகுந்து அணைத்துவிடும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர். அர்காண்டுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை. என் கணிப்பில் இவர்தான் பெரியவர். அரிக்கேன் விளக்கின் இரு தோள்களிலும் இறங்கும் தகரக் குழாய்கள் வெறும் பிடிமானத்துக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை அதன் மூச்சுக்குழாய்கள். 1860களின் இறுதியில் இர்வின் செய்த முதல் வடிவத்தில், எரிந்து சூடான காற்றில் ஒரு பகுதியே குழாய் வழியாகத் திரும்பக் கீழே வந்தது. காற்றுக்கு அசையாது, ஆனால் வெளிச்சம் சுமார். சில ஆண்டுகளில் அவர் அதை மாற்றினார். புகை நடுவில் போகும், குழாய்களின் வாய் அதை விலக்கிப் பக்கத்திலிருந்து புதுக்காற்றை மட்டும் வாங்கும். சுடர் வெளுத்து நின்றது. சூறைக்காற்று அடித்தாலும், காற்று நுழையும் வாயும் வெளியேறும் வாயும் அருகருகே மேலேயே இருப்பதால் இரண்டின் மேலும் அழுத்தம் ஒன்றாக விழுகிறது. உள்ளே சுடருக்கு அது தெரிவதில்லை. புயலை எதிர்த்து நிற்காமல் புயலுக்கு விளக்கைத் தெரியாமல் செய்துவிட்டார் மனிதர்! நியூயார்க்கின் டீட்ஸ் கம்பெனி இதை உலகமெங்கும் விற்றது. பின்னாளில் மகாராஷ்டிரத்தின் ஓகலேவாடியில் சுதேசிக் கண்ணாடித் தொழிற்சாலை பிரபாத் என்ற பெயரில் லாந்தர் செய்தது.

மாண்டில் விளக்கு என் பொருளுக்குச் சற்று வெளியே. ஆனால் ஒரு சேதியை விட மனமில்லை. ஆஸ்திரியரான வெல்ஸ்பாக்கின் மாண்டில் வலைக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு வேண்டும். அந்தத் தோரியம் உள்ள மோனசைட் மணலை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸின் வெளிச்சத்துக்கான மூலப்பொருள் கன்னியாகுமரிக் கரையில் நம் காலடியில் கிடந்தது.

இனி விளக்கு ரயில்வேக்காரர் கைக்கு வந்த கதை. இந்த ஊருக்கு ரயில் வந்த காலத்துக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமன் என்ற சிறுவன், பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பாதை போட்டாகிவிட்டது என்பது அந்தப் படத்தில் இல்லை. வண்டியில் ஒரு மௌலவி சொல்லித்தான் தெரிந்தது. செப்டம்பர் 1 காலையில் இங்கே வந்து இறங்கிய அந்தச் சிறுவனைத்தான் ரமண மகரிஷி என்று வணங்குகிறோம்.

ரயில் விளக்கிடம் கேட்டது வேறு. அதுவரை விளக்கு என்றால் பெரும்பாலும் அதன் வெளிச்சத்தில் எதையாவது பார்ப்பது. ரயில்வேக்கு அப்படிப்பட்ட விளக்கும் தேவைப்பட்டது. பெட்டிக் கூரையில் துளை விட்டு, ஆள் மேலே ஏறி நடந்து ஒவ்வொரு துளையிலும் எரியும் விளக்கை இறக்குவான். இந்திய ரயில்வேக்களில் வெகுகாலம் விளக்கெண்ணெய்தான் எரிந்தது. அச்சுகளுக்கும் அதுவே மசகு. ஆனால் ரயில்வேயின் முக்கியமான விளக்குகள் எதையும் ஒளியூட்டுவதில்லை. அவற்றைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும், பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கார்டு வைத்திருந்த கைவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தடித்த குவிந்த கண்ணாடி, பின்னால் பிடி, உள்ளே சுடரைச் சுற்றிச் சுழலும் உருளையில் சிவப்பும் பச்சையும் பதித்த கண்ணாடிகள். மேல்மூடியைத் திருகினால் நிறம் மாறும். பச்சையை அசைக்காமல் பிடித்தால் போகலாம். மேலும் கீழுமாக மெல்ல ஆட்டினால் நிதானமாகப் போ. சிவப்பு கைவசமில்லை என்றால் எந்த விளக்கையும் வேகமாக ஆட்டினாலே நில் என்று பொருள். ஆட்டுவதற்கென்றே செய்த விளக்கு ஆட்டும்போது அணையக் கூடாது, எண்ணெய் சிந்தக் கூடாது. அதனால்தான் தலைமேல் அடுக்கடுக்காக அத்தனை தகர மடிப்புகள். புகை வளைந்து வளைந்து வெளியேறும், காற்று நேராக உள்ளே வராது. கண்ணாடியின் குவிவு சிறு சுடரை ஒரே திசையில் திரட்டி அனுப்பும். இந்தக் கலையைப் பெரிதாக வளர்த்தவர் கலங்கரை விளக்கங்களுக்குப் படிப்படியான வில்லை செய்த பிரெனெல்.

சிக்னல் கம்பத்து விளக்கில் இன்னும் நுட்பம். ஆரம்பத்தில் இங்கிலாந்தில் வெள்ளை ஒளிதான் 'வழி திறந்திருக்கிறது' என்பதற்கு அடையாளம். சிவப்புக் கண்ணாடி உடைந்துவிட்டால்? வெள்ளை தெரியும், வண்டி போய் மோதும். 1890களில் பச்சை அந்த இடத்துக்கு வந்தது. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறம். அதன் முன் சுத்தப் பச்சைக் கண்ணாடியை வைத்தால் ஒளி மங்கி மஞ்சளோடும். அதனால் நீலம் கலந்த கண்ணாடி போட்டார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்து தூரத்தில் பச்சை. பழைய சிக்னல் கண்ணாடியைப் பகலில் கையிலெடுத்தவர்கள் இது ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்பதுண்டு.

அந்த விளக்குப் பெட்டியின் முதுகில் சின்னத் துளை ஒன்று. கைகாட்டி 'நில்' என்றிருக்கும்போது அதன் வழியே ஒரு பொட்டு ஒளி பின்பக்கம் தெரியும். கம்பத்துக்குப் பின்னால் கேபினில் இருப்பவர் தன் விளக்கு எரிகிறதா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். ஒருகாலத்தில் லாம்ப்மேன் தினமும் ஏணியேறி, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்ற வேண்டும். சுடரை மிகச் சிறிதாக்கி, வில்லையை நம்பி, ஒரு வாரம் தொடர்ந்து எரியும் விளக்குகள் வந்தபோது மழையில் நனைந்த ஏணிகளில் அவர் ஏறுவது வாரம் ஒருமுறையானது. லாம்ப்மேன் வேலைகளும் குறைந்திருக்கும்.

என் மனத்துக்கு நெருக்கமானது டெயில் லாம்ப். வண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்பாகத் தொங்கும். பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை என்பது பாதிதான். ஸ்டேஷனைக் கடக்கும்போது அது தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது, நடுவில் அறுந்து எதுவும் பாதையில் நிற்கவில்லை என்று பொருள். அதன் பிறகுதான் பின்னாலிருக்கும் ஸ்டேஷனுக்குப் பாதை காலி என்று சொல்லலாம். ஒற்றைப் பாதையான விழுப்புரம்–காட்பாடி போன்ற இடங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் அந்தச் சிவப்பைத் தேடாமல் இருக்க முடியாது.

இப்போது மலைக்கு வருகிறேன். 2,668 அடி உயரத்தில் செப்புக் கொப்பரை. ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத்துணித் திரி. பர்வதராஜ குலத்தார் ஏற்றுகிறார்கள். சிம்னி இல்லை, குழாய் இல்லை, வில்லை இல்லை. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் கார்த்திகையில், திறந்த பாறையில், அகலின் அதே வடிவம். அது எப்படி நிற்கிறது? பருமனால் நிற்கிறது. அவ்வளவு பெரிய தீ தனக்கான காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. குளிரில் உறையும் நெய் தீ படும் இடத்தில் மட்டும் உருகி உருகி வருகிறது. அர்காண்டும் இர்வினும் தீர்த்த சிக்கல்களைத் தீர்க்காமலே தாண்டிய விளக்கு இது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வேலை. மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளிவந்து காட்சி தரும் நேரத்தில் கீழே கொடிமரத்தருகே தீபம். உடனே உச்சியில் தீபம். அதைக் கண்டதும் சுற்றியுள்ள ஊர்களின் வாசல்களில் அகல்கள். ஒரு நிலையம் அடுத்த நிலையத்துக்குச் சேதி சொல்வதுபோல இல்லையா? அந்தக் கொப்பரை வெளிச்சத்தில் யாரும் புத்தகம் படிப்பதில்லை. அது தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பார்க்கப்படுவதற்கென்று விளக்கு ஏற்றும் பழக்கம் ரயிலோடு வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புவதில்லை. வண்ணங்களையும் வில்லைகளையும் ரயில் கொண்டுவந்தது. கருத்து இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஒரு வேண்டுகோளுடன் முடித்துக்கொள்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாக்களின் கைவிளக்கு உங்களில் சிலர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். கிடைத்தால் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். தகரத்தில் தென்னிந்திய ரயில்வேயைக் குறிக்கும் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகளோ, செய்த பட்டறையின் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். திரியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். பச்சைக் கண்ணாடி நீலம் ஓடுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். எந்த ஸ்டேஷனில், என்ன வேலையில் அவர் இருந்தார், எண்ணெயை எப்படி அளந்து கொடுத்தார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டு ஒரு தாளில் எழுதி விளக்கோடு கட்டுங்கள். திருச்சியிலும் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. விளக்கைக் கொடுக்க மனமில்லை என்றால் அந்தத் தாளின் நகலையாவது கொடுங்கள்.