பருவம் வகுக்கும் விருந்து

ஒரு நாட்டின் நிலத்தையும் நீரையும் அறிய விரும்புவோர் நிலப்படத்தைப் புரட்டுவர். அந்நாட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தும் அறியலாம் என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில், டாம் கிச்சின் என்னும் சமையற்கலைஞர் 2006-ஆம் ஆண்டில் உணவகம் ஒன்றைத் தொடங்கினார். முன்பு விஸ்கிக் கிடங்காக இருந்த கட்டடம் அது. மறு ஆண்டே அதற்கு மிஷெலின் விண்மீன் என்னும் சிறப்புக் கிட்டியது. அங்கு உண்ண வருவோரிடம் ஸ்காட்லாந்துப் படம் ஒன்றைத் தருவது வழக்கம். எப்பண்டம் எவ்வூரிலிருந்து வந்தது என்பதை அது காட்டும்.

இத்தகைய உணவகத்தில் உணவுப் பட்டியலை வகுப்பது பருவமே. மே மாதத்தில் அஸ்பாரகஸ் தண்டு வரும். ஜூலையில் ராஸ்பெர்ரி வரும். வடபுலத்துக் கோடையின் குளிர்ச்சியும், பதினேழு மணிக்கு மேல் நீளும் பகலும் சேர்ந்து அக்கனியை மெல்லப் பழுக்க வைக்கின்றன, சுவை மிகுகிறது. கிரவுஸ் என்னும் காட்டுப் பறவையை வேட்டையாடும் காலம் ஆகஸ்டு 12-இல் தொடங்கி டிசம்பர் 10-இல் முடியும். பனிக்காலத்தில் கிழங்குகளும் கேல் கீரையும் அடுப்பேறும்.

'இதில் வியப்பென்ன?' என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்து மீனவர் பிடிக்கும் லாங்குஸ்டின் என்னும் இறாலில் பெரும்பகுதி நெடுங்காலமாகப் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் சென்றுவந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து பிரிட்டன் விலகியதும், 2021 ஜனவரியில், சான்றிதழ்ச் சிக்கலால் சரக்குகள் வழியில் தேங்கின. கெடும் பண்டம் காத்திருக்குமா? மீனவர் பலர் படகுகளைக் கரையில் கட்டினர். தம் கடல் தந்த செல்வத்திற்குத் தம் நாட்டிலேயே போதிய வாடிக்கை இல்லாமையின் துன்பத்தை அன்று உணர்ந்தனர். உள்நாட்டு விளைபொருளைப் போற்றும் அடுக்களையின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

இத்தகைய விருந்தின் விலை உழைப்பாளிக்கு எட்டாதே என்பீர்கள். உண்மைதான். ஆயினும் ஓட்ஸ் கஞ்சியும், ஹெர்ரிங் மீனும், கேல் கீரையும் அந்நாட்டு ஏழையர் குடிலில் நெடுநாள் வாழ்ந்த உணவுகளே. பருவத்தோடு இசைந்து உண்ணும் அறிவை எளியோரிடமிருந்தே உயர்ந்த உணவகங்கள் கடன் பெற்றன.

மாணவ நண்பர்களே, உங்கள் தட்டிலுள்ள பண்டம் எந்த மண்ணில், எந்த மாதத்தில், எவர் உழைப்பில் விளைந்தது என்று வினவிப் பாருங்கள். நிலநூலும் பொருளியலும் அவ்வினாவில் அடங்கியுள்ளன. அதைக் கேட்பதற்கு விலை ஏதும் இல்லை.