நாள் தெரியாத சாவுகள்: வியட்நாமிய அகதிகளின் நினைவேந்தல்



வியட்நாம் போர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்கா தோற்றது என்பதுதான். அந்தத் தோல்வியை இங்கே பலர் வரவேற்றார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் அன்று தோற்றது அமெரிக்கா மட்டுமன்று. வியட்நாமியர்களிலேயே ஒரு பெரும் பகுதியினர் தோற்றார்கள், பிறகு நாட்டையும் இழந்தார்கள். அவர்கள் தம் இறந்தோரை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சைகோன் நமக்கு அந்நியமான ஊருமன்று. செட்டிநாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் போய் அங்கே தொழில் செய்தவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரின் நடுவே இருக்கிறது.

1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாமின் டாங்கிகள் தென்வியட்நாமின் தலைநகரான சைகோனில் அதிபர் மாளிகையின் வாயிற்கதவை இடித்துக்கொண்டு நுழைந்தன. வியட்நாமில் அந்த நாள் நாடு ஒன்றுபட்டதைக் கொண்டாடும் அரசு விடுமுறை. கலிபோர்னியாவில் வியட்நாமியர் வாழும் லிட்டில் சைகோனில் அதே நாளில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய தென்வியட்நாமின் மஞ்சள் கொடியை ஏற்றி, ஊதுபத்தி கொளுத்தி, மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த மாதத்தையே கறுப்பு ஏப்ரல் என்கிறார்கள். கனடா நாடாளுமன்றம் 2015இல் ஒரு சட்டம் இயற்றி, அதே நாளை விடுதலைப் பயண நாளாக அறிவித்தது. வியட்நாம் அரசு அதைக் கடுமையாக எதிர்த்தது.

அந்த வசந்தத்தில் அமெரிக்கர்களோடு வெளியேறியவர்கள் ஏறக்குறைய 1,30,000 பேர். மற்றவர்கள் தங்கினார்கள். தெற்கின் அதிகாரிகளும் படையினரும் மறுகல்வி முகாம்கள் எனப்பட்ட தடுப்பு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பி மூட்டை கட்டியவர்களில் சிலர் பத்தாண்டுகளுக்கு மேலும் உள்ளே கிடந்தார்கள். நகரத்துக் குடும்பங்கள் புதிய பொருளாதார மண்டலங்கள் என்ற பெயரில் காட்டு நிலங்களுக்கு அனுப்பப்பட்டன. 1978இல் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டபோது சைகோனின் சோலோன் பகுதியிலிருந்த சீன வம்சாவளி வணிகர்கள் ஒரே அடியில் எல்லாவற்றையும் இழந்தார்கள். அதன்பிறகுதான் படகுகள் பெருகின. ஆற்றில் ஓடும் மீன்பிடிப் படகுகளில் கடலைக் கடக்கத் துணிந்தார்கள். தங்கம் கொடுத்து இடம் பிடித்தவர்களும் உண்டு.

1975க்கும் 1995க்கும் இடையில் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் படகில் வந்து உயிரோடு கரைசேர்ந்தார்கள். கடலில் மாண்டவர்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு 2 இலட்சத்திலிருந்து 4 இலட்சம் வரை. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவற்றுக்கு இடையே இருக்கும் இடைவெளியே 2 இலட்சம் உயிர். புயலில் போனவர்கள், குடிநீரின்றிப் போனவர்கள், தாய்லாந்து வளைகுடாவில் கொள்ளையர் கையில் சிக்கியவர்கள் என எவருக்கும் கணக்கு இல்லை.

இது வியட்நாமியருக்கு எவ்வளவு பெரிய காயம் என்பதை அவர்களின் வீட்டு வழிபாட்டை அறிந்தால்தான் உணர முடியும். வீட்டில் முன்னோருக்கு ஒரு பீடம், அதன்மேல் படம், முன்னால் ஊதுபத்தி. சந்திர நாட்காட்டிப்படி இறந்த திதியில் உற்றார் கூடி, இறந்தவர் விரும்பி உண்டதைச் சமைத்துப் படைத்த பிறகே சாப்பிடுகிறார்கள். படையல் பெறாத ஆவிகள் பசியோடு அலையும் என்பது நம்பிக்கை. ஏழாம் மாதப் பௌர்ணமியில் அத்தகைய ஆவிகளுக்காகவே கஞ்சி வைக்கிறார்கள். கடலில் போனவருக்கு உடலும் இல்லை, திதியும் இல்லை. அதனால் பல குடும்பங்கள் படகு புறப்பட்ட நாளையே திதியாகக் கொண்டுவிட்டன. கடைசியாகக் கையசைத்த நாள் சாவு நாளாகிவிட்டது. குடும்பமே மூழ்கிப்போயிருந்தால் அதைச் செய்யவும் ஆள் இல்லை. பொது நினைவிடம் அவர்களுக்கு அலங்காரமன்று. பிள்ளைகள் செய்ய வேண்டிய கடனை ஊர் கூடிச் செய்கிற இடம் அது. கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் இடுகாட்டில் 2009இல் திறக்கப்பட்ட படகு மக்கள் நினைவிடத்தில் சிலையைவிட என்னை ஈர்ப்பவை அதைச் சுற்றி நிற்கும் பெயர் பொறித்த கற்கள்தான்.

இதனால்தான் 2005இல் நடந்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. மலேசியாவின் பூலாவ் பிடோங், ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவு. 1978இல் முகாமான அந்த இடத்தில் ஓராண்டுக்குள் 40,000 பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். 1991இல் மூடப்படும்வரை ஏறக்குறைய 2,50,000 பேர் அந்த வழியாகப் பிற நாடுகளுக்குப் போனார்கள். இந்தோனேசியாவின் காலாங் தீவிலும் இப்படி ஒரு முகாம் 1996 வரை இருந்தது. 2005இல் முன்னாள் அகதிகள் இரு தீவுகளுக்கும் திரும்பிப்போய்க் கல்வெட்டு வைத்தார்கள். ஒரு பக்கத்தில் வழியில் மாண்டவர்களுக்கு அஞ்சலி. மறுபக்கத்தில் அடைக்கலம் தந்த நாட்டுக்கும் உதவிய அமைப்புகளுக்கும் நன்றி. வியட்நாம் அரசு எதிர்த்தது. சில மாதங்களில் இரண்டும் அகற்றப்பட்டன. நன்றி சொன்ன கல்லையும் பெயர்த்தெடுக்க வைத்த அச்சம் எத்தகையது! வென்று முப்பது ஆண்டுகள் கழிந்த ஓர் அரசு, கடலில் மூழ்கிய தன் மக்களுக்கு வைத்த கல்லைப் பார்த்து அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

புகலிடம் தந்த அமெரிக்காவின் நினைவிலும் அவர்களுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. வாஷிங்டனில் 1982இல் மாயா லின் வடிவமைப்பில் எழுந்த கருங்கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அது அமெரிக்கப் படையினருக்கான சுவர். தோளோடு தோள் நின்று மடிந்த தென்வியட்நாம் படையினரின் பெயர் அதில் இல்லை. அவர்களில் இறந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் மேல். வெஸ்ட்மின்ஸ்டரில் 2003இல் நிறுவிய வெண்கலச் சிலையில் ஓர் அமெரிக்கச் சிப்பாயும் ஒரு தென்வியட்நாம் சிப்பாயும் அருகருகே நிற்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தாய்நாட்டில் நிலை இன்னும் மோசம். சைகோனுக்கு அருகே பியன் ஹோவாவில் தெற்கின் படையினர் ஆயிரக்கணக்கில் புதைக்கப்பட்ட கல்லறை, போர் முடிந்தபின் படைத்துறைப் பகுதியாக மூடிக்கிடந்தது. வாயிலில் துப்பாக்கியை மடியில் வைத்துத் துயரத்தோடு அமர்ந்திருந்த சிப்பாயின் சிலை 1975இலேயே வீழ்த்தப்பட்டது. 2006இல்தான் இடம் குடிமை நிர்வாகத்துக்கு மாறியது.

புலம்பெயர்ந்தோரின் நினைவேந்தலிலும் குறை இருக்கிறது. அவர்கள் மீதுள்ள மதிப்பால் அதை மறைப்பது சரியன்று. சீருடை அணிந்த ஆண்களுக்கு எளிதில் சிலை எழுகிறது. கொள்ளையரிடம் சீரழிந்த பெண்களின் துயரம் வீட்டுக்குள்ளும் பேசப்படாமல் கிடந்தது. சீன வம்சாவளியினர் அகதிகளில் கணிசமான பங்கினர். விடுதலை வேட்கை என்ற ஒற்றைக் கதைக்குள் அவர்களின் துயரம் முழுதும் அடங்குவதில்லை. வடக்கின் படையினரிலும் இலட்சக்கணக்கானோர் உடல் கிடைக்காமல் போனவர்களே; அவர்களின் தாய்மாரும் இதே பீடத்தின் முன் இதே திதிச் சிக்கலோடு இருந்தார்கள். இதைச் சொன்னால் துரோகம் என்று சீறுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. அடுத்த தலைமுறை அந்தச் சீற்றத்துக்குப் பணிய மறுக்கிறது. இர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2011இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம் கடைக்காரர், தாய், சிப்பாய் என எல்லாருடைய குரலையும் பதிவுசெய்கிறது.

இந்த மேடையிலிருந்து நான் கேட்பவை மூன்று. பிடோங்கிலும் காலாங்கிலும் கற்கள் மறுபடி நிற்க வேண்டும். பியன் ஹோவாவின் கல்லறைகளைச் செப்பனிடக் குடும்பங்களுக்குத் தடையிருக்கக் கூடாது. கரையேறியவர்கள் இருக்கும்போதே, எந்தப் படகில் யார் யார் ஏறினார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இருபது வயதில் படகேறியவர் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார். உடன் ஏறியவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவராகவே இருக்கலாம்.