எல்லைக் கதவருகே தங்கிவிட்ட மக்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

    



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய சிறிது நேரத்தில் ஓர் ஊரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அவ்வூரின் பெயர் மோரே. மணிப்பூர் மாநிலத்தில், இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில், பர்மாவின் வாயிற்படியில் அமைந்த சிற்றூர். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 17 ஆயிரம் பேர். எல்லைக் கதவைக் கடந்தால் நம்பாலோங் சந்தை. அதற்கு அப்பால் தமு நகரம். 2023 வரை மைத்தேயியரும் வாழ்ந்த, குக்கி, நாகா மக்களும், நேபாளியரும், பஞ்சாபியரும், பங்கால் எனப்படும் மணிப்பூரி முஸ்லிம்களும் வாழும் அவ்வூரில் தமிழரும் வாழ்கின்றனர். தமிழ்ச் சங்கமும், தமிழர் எழுப்பிய கோயிலும் அங்குண்டு. பள்ளிவாசலும் உண்டு, தேவாலயங்களும் உண்டு.

தமிழர் அங்கே சென்றது எவ்வாறு?

ரங்கூன் சபர்

ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மா செழித்திருந்த காலத்தில் செட்டிமார்களும், வயல்களிலும் துறைமுகத்திலும் உழைத்த தொழிலாளர்களும், நம் கடற்கரை ஊர்களின் வணிகர்களும் கப்பலேறினர். சபராளிகள் பலர் ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்தனர். தமிழ் முஸ்லிம்களை அங்கே சூலியா என்றழைத்தனர். அப்பெயர் தாங்கிய பள்ளிவாசல் ரங்கூனில் இன்றும் தொழுகையாளிகளை வரவேற்கின்றது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். அவர்கள் நடந்த பாதைகளுள் ஒன்று தமு வழியாக மணிப்பூருக்குள் வந்த பாதையாகும். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம்.

போர் ஓய்ந்தபின் பலர் மீண்டும் சென்று தொழிலை நிமிர்த்தினர். ஆனால் 1962இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொருள் சில வாரங்களில் கைவிட்டுப் போயிற்று. 1960களில் சுமார் 3 இலட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். சென்னையில் 1969இல் தோன்றிய பர்மா பஜார் அவர்தம் மறுவாழ்வின் அடையாளமாகும்.

திரும்பி நடந்தவர்கள்

வந்தவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழகம் அவர்களுக்குப் பெற்றோர் சொல்லிக் கேட்ட ஊர், அவ்வளவே. முகாம் வாழ்க்கை ஒவ்வாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்பத் துணிந்தனர். இரயிலேறி வடகிழக்கு சென்று, மலைப்பாதை வழியே மோரே வரை போய்ச் சேர்ந்தனர். பர்மிய இராணுவம் அவர்களை உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனமின்றி, வழியுமின்றி, எல்லையிலேயே குடிசை கட்டித் தங்கினர்.

பர்மிய மொழியும் தமிழும் இந்தியும் பேசத் தெரிந்த அம்மக்கள், இருபுற வணிகத்திற்கும் இடையாளர்களாயினர். குடிசைகள் தெருவாயின, தெரு கடைவீதியாயிற்று. மணிப்பூர் மலையடிவாரத்தில் இட்லியும் தோசையும் மொஹிங்காவும் அடுத்தடுத்து விற்கப்பட்டன. 1994இல் இந்திய-பர்மிய எல்லை வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1995 ஏப்ரலில் மோரே முறைப்படியான வணிக வாயிலாயிற்று.

ஆயினும் 1990களில் மூண்ட இனமோதல்கள் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1995இல் தமிழருக்கும் குக்கியருக்குமிடையே ஏற்பட்ட கலவரத்திற்குப் பின் ஏராளமான குடும்பங்கள் ஊரை விட்டகன்றன. எஞ்சியோர் சிறு தொகையினரே.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை அடைபட்டது. 2021 பிப்ரவரியில் பர்மாவில் மீண்டும் இராணுவ ஆட்சி வந்தது. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமு சென்ற தமிழர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே 3இல் மணிப்பூரில் மூண்ட தீ, மோரேயையும் பற்றிற்று. மைத்தேயியரின் வீடுகள் எரிந்தன. யாருடைய சண்டையிலும் பங்கில்லாத தமிழர் வீடுகளும் எரிந்தன. எல்லையோர மக்கள் தடையின்றிச் சென்றுவரும் ஏற்பாட்டை இரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு அறிவித்தது. வேலியும் எழுந்து வருகின்றது.

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத்தார்களே! ஒரு வாழ்நாளில் இருமுறை, மும்முறை வீடிழந்த மக்களின் வரலாறு இது. மதம் பார்த்து அவர்களுக்குத் துன்பம் வரவில்லை. மதம் பார்த்து நாம் இரங்குவதும் தகாது. மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனத்து அன்சாரிகள் வீட்டையும் தோட்டத்தையும் பங்கிட்டுத் தர முன்வந்த வரலாற்றை நாம் ஆண்டுதோறும் மேடையில் முழங்குகின்றோம். நம் தெருவில் வாடகை வீடு தேடி வரும் வெளியூர்க் குடும்பத்திடம் நாம் நடந்துகொள்ளும் முறையே அவ்வரலாற்றை நாம் எந்த அளவு விளங்கிக்கொண்டோம் என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: பர்மா சபர் சென்று வந்தோரின் மக்களும் பேரர்களும் நம்மிடையே இருப்பின், பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தர்களையும் புரட்டி, அயல்நாட்டு ஊர்ப்பெயர்கள் காணப்படின் அவற்றைப் படியெடுத்து வைப்போமாக. இரண்டு: வட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே உழைப்போரை அந்நியராக எண்ணாதீர்கள், நம்மவர் ரங்கூனில் நின்ற நிலையில்தான் அவர்கள் இங்கே நிற்கின்றனர். மூன்று: நாட்டாவணங்களையும் சொத்துப் பத்திரங்களையும் ஒவ்வொரு குடும்பமும் சீராக வைத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் பிறந்தவர்கள், அங்கே குடியுரிமைச் சான்று இல்லாமையாலும் நாடிழந்தனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எல்லையில் வாழும் எல்லா மக்களுக்கும் அல்லாஹ் அமைதியை அருள்வானாக! நம் வாசல் தேடி வருவோரை வரவேற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.