சத்தம் போடாத அன்பு

(தலைப்பு: அயல்நாட்டு வாழ்க்கை – அன்பைக் குறைக்கிறதா? பண்பை வளர்க்கிறதா?)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரே போடாகப் போட்டார். ‘அயல்நாட்டில் பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாதுங்க’ என்றார். தம்பி, நான் 2011-இல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் ஓராண்டு குடியிருந்தவன். அங்கே அடுக்குமாடி வீடுகளில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் கதவு எண்ணை எழுதுவதில்லை. குடும்பப் பேரைத்தான் எழுதுகிறார்கள். பேர் தெரியாமல் மணியே அடிக்க முடியாது! (சிரிப்பு)

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் மாதம் நானும் தம்பி கட்சிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு காலி ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே கண்ணாடிப் பாட்டில் போடுவதற்கென்றே தொட்டி உண்டு. அதிலும் வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. நம்ம வீட்டில் குழம்புக்குக்கூட இத்தனை பாத்திரம் கிடையாது! (சிரிப்பு) முதல் பாட்டிலைப் போட்டேன். டமார்! எதிரே ஜன்னல் திறந்தது. எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஒரு பாட்டியம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ‘இன்றைக்கு ஞாயிறு’ என்றார். ஜன்னல் மூடிவிட்டது.

என்னய்யா இது! ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டில் உடையக் கூடாதா? விசாரித்தேன். கூடாதாம்! அன்றைக்குக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வுக்கு, 1949-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். தினமும் இரவு பத்து மணிக்கு மேல் அடுத்தவர் தூக்கம் கெடுகிற மாதிரி சத்தம் கூடாது. ‘ஈரமில்லாத ஜனங்க’ என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அதே வருஷம் டிசம்பரில், இரவு பதினொன்றரை மணிக்கு ஊரிலிருந்து தொலைபேசி. என்னைப் படிக்க வைத்த அண்ணன் காலமாகிவிட்டார். மறுநாள் இரவுதான் விமானம். என் மனைவி ஓவென்று அழுதாள். என்னாலும் அடக்க முடியவில்லை. ஊராக இருந்தால் தெருவே வந்திருக்கும். அங்கே ஒரு கதவும் திறக்கவில்லை.

காலையில் பார்த்தால், கதவுக்குக் கீழே ஒரு சீட்டு. ‘போச்சு, பாட்டி புகார் எழுதிட்டாங்க’ என்றாள் என் மனைவி. எடுத்துப் பார்த்தேன். எளிய ஆங்கிலத்தில் மூன்று வரி. ‘இரவில் நீங்கள் அழுவது கேட்டது. உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் மாலை நான்கு மணிக்கு வரலாமா? வேண்டாம் என்றாலும் சரி.’

பாட்டில் உடைந்ததைப் பொறுக்காத அதே பாட்டி ஐயா, நடுராத்திரி அழுகையைப் பொறுத்துக்கொண்டார்! (கைதட்டல்)

சரியாக நான்கு மணிக்கு மணி அடித்தது. கையில் ஒரு பாத்திரம் சூப். உருளைக்கிழங்கும் கேரட்டும் மட்டும் போட்டது. நாங்கள் சைவம் என்பதை எப்போதோ கவனித்திருக்கிறார். என் மனைவி பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

நடுவர் அவர்களே, கேட்காமல் ஓடி வருவது நம்ம ஊர் அன்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் அதுதான் என்னைத் தாங்கியது. ஆனால் ‘வரலாமா?’ என்று கேட்டுவிட்டு வருவதும் அன்புதான். துக்கப்படுகிறவனைத் தனியாக அழ விடுவதும் ஒரு மரியாதை. எதிரணி நண்பர்களே, சத்தம் இல்லாத இடத்தில் அன்பும் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊர் திரும்பினேன். அடுத்த வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி தெருவுக்கே கேட்கும். அன்றைக்கு நானே எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். ‘காது நல்லா கேக்குதா உங்களுக்கு?’ என்றாள் என் மனைவி. ‘இப்பதாம்மா கேக்க ஆரம்பிச்சிருக்கு’ என்றேன். (பலத்த கைதட்டல்)

அதனால்தான் சொல்கிறேன்: அயல்நாட்டு வாழ்க்கை அன்பைக் குறைப்பதில்லை, பண்பை வளர்க்கிறது. நல்ல தீர்ப்பு வழங்குங்கள்.